இடது கெண்டைக்கால்

நாற்காலி வாங்க வருகிறவர்கள் முதலில் முதுகைத்தான் பார்ப்பார்கள். சாய்ந்து பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், துணியைக் கிள்ளிப் பார்ப்பார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது உட்காரும் இடத்தின் முன்விளிம்பை. அது இரண்டு விரல் உயர்ந்துவிட்டால் போதும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தி அரைமணி நேரத்தில் கால் மரத்துப் போகும். இருபத்திரண்டு வருடமாகக் குஷன் வேலை செய்கிறேன். கால் மரத்துப் போகிறது என்று ஒரு வாடிக்கையாளர்கூட என் பட்டறைக்கு வந்து புகார் சொன்னதில்லை.

காலையிலிருந்து என்னை இந்த ஸ்டேஷனில் வைத்து நீங்கள் அந்த ஒரு நாற்காலியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், மேடம். அதனால்தான் இதைச் சொன்னேன். கேளுங்கள், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. என் மனைவி செத்தது ரத்தக்கட்டியால் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே எழுதிக் கொடுத்திருக்கிறார். காலில் உண்டாகி, ரத்தத்தோடு மேலே நகர்ந்து, நுரையீரலில் போய் அடைத்துவிட்டது. யாருக்கும் வரக்கூடியதுதான். என் மச்சினிதான் அதை ஏற்க மாட்டேன் என்கிறாள். அக்காவைப் பறிகொடுத்தவள். அவள் வாய்க்கு வந்ததைப் பேசுவதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

என் மனைவி தபால் பட்டுவாடா செய்துகொண்டிருந்தாள். ஏழு தெரு அவள் பொறுப்பு. சைக்கிள் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டாள். நடந்து போனால்தான் ஒவ்வொரு வாசலிலும் நின்று இரண்டு வார்த்தை பேச முடியுமாம். அந்தத் தெருக்களில் அவளுக்குப் பெயரே ‘பத்து மணி’. அவள் தலை தெரிந்தால் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார்களாம். கல்யாணமான புதிதில் இதை என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள்.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் வீட்டில் கேலி செய்வார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கால் ஓர் இடத்தில் தரிக்காது. நின்றுகொண்டே சாப்பிடுவாள், நின்றுகொண்டே பேப்பர் படிப்பாள். நான் கேட்டால் மட்டும் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்காருவாள், கூப்பிட்ட உடனே எழுந்து ஓடத் தயாராக இருப்பவள் மாதிரி. ஊருக்கெல்லாம் நாற்காலி செய்து கொடுக்கிறவன் வீட்டில் பெண்டாட்டி உட்காராமல் அலைந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

எங்களுக்குள் சண்டை உண்டா என்று கேட்டீர்கள். சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடந்ததில்லை. பன்னிரண்டு வருடத்தில் அவளை நான் திருத்த வேண்டி வந்தது ஆறேழு தடவை இருக்கும். ஒரு தடவை இழுப்பறையை மூடும்போது அவள் விரல் உள்ளே இருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன் என்று மச்சினி சொல்லியிருக்கிறாள். அது சரிதான். இன்னொரு தடவை தலைமுடி கொஞ்சம் வேரோடு வந்துவிட்டது. ஆனால் முகத்தில் நான் கை வைத்ததே கிடையாது. ஏழு தெரு ஆட்கள் பார்க்கிற முகம். எனக்கும் விவேகம் உண்டு.

அவள் வீடு திரும்ப நாற்பது நிமிடம் தாமதமாக ஆரம்பித்தது போன மாதம். நான் ஒன்றும் கேட்கவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு மூன்று நாள் அவள் பின்னால் நடந்தேன். ஐந்தாவது தெருவில் ஒரு வாத்தியார் இருக்கிறார், ஓய்வு பெற்றவர், பார்வை மங்கியவர். வெளியூரிலிருந்து அவருடைய மகள் கடிதம் எழுதுவாள். அதை இவள் படித்துச் சொல்வாள். மூன்றாவது நாள் எதிர்ச்சுவர் ஓரமாக நின்று பார்த்தேன். வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். பதினோரு நிமிடம். அவர் ஏதோ சொன்னார், இவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிளாஸ்டிக் நாற்காலி, மேடம். அதன் முன்விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதில் உட்கார அவளுக்கு மனம் வந்தது.

அன்று பிற்பகல் அவள் பட்டறை வழியாக வீட்டுக்குள் வந்தாள். எங்கள் வீட்டில் முன்னறைதான் பட்டறை. நான் ஒரு சோபாவின் கைக்குத் துணி இழுத்து அடித்துக்கொண்டிருந்தேன்.

“எங்க உட்கார்ந்திருந்த?” என்று கேட்டேன்.

“எங்கயும் இல்லீங்க. இன்னிக்குப் பை கனம். அதான் லேட்டு.”

“வாத்தியார் வீட்ல?”

செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தாள். பிறகு சொன்னாள். “கண்ணு தெரியாதவருங்க. பொண்ணு போட்ட லெட்டரப் படிக்கச் சொன்னாரு. அவ்வளவுதான்.”

“உட்கார்ந்தாதான் எழுத்து தெரியுமா?”

உள்ளே போகத் திரும்பினாள். பேசிக்கொண்டிருக்கும்போது முதுகைக் காட்டுவது மரியாதை இல்லை. என் கையில் மரச்சுத்தியல் இருந்தது. இடது கெண்டைக்காலில் ஒரு தட்டுத் தட்டினேன். ஸ்பாஞ்சு அடுக்கின் மேலேதான் விழுந்தாள். தரையில் விழுந்திருந்தால் தலையில் பட்டிருக்கும்.

அவள் காலின் இந்தப் படத்தை நீங்கள் காட்டுவதால் சொல்லிவிடுகிறேன். ஒன்று இல்லை, நான்கு. எல்லாம் ஒரே இடத்தில் விழுந்ததால் ஒன்று என்றே என் நினைவில் இருந்தது.

மறுநாள் காலையில் நானே ஆட்டோ வைத்து அவளைப் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். படியில் விழுந்துவிட்டதாக அவளே சொன்னாள். நான் சொல்லச் சொல்லவில்லை, வழியில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எலும்பு உடையவில்லை என்றார்கள். வலி மாத்திரை கொடுத்தார்கள். தபால் ஆபீசுக்கு நானே போன் செய்து பதினைந்து நாள் லீவு சொன்னேன். ஒரு கணவன் செய்ய வேண்டியதில் இதுவரை எதைக் குறைத்தேன்?

அன்றைக்கே நாற்காலி வேலையை ஆரம்பித்தேன். கையில் இருந்த ஆர்டர் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுச் செய்தேன். தேக்குச் சட்டம். உயரமான கைகள். வெளிர் நிறத் துணி, ஒரு ஓட்டல்காரர் கேட்டும் கொடுக்காமல் எடுத்து வைத்திருந்தது. இரண்டாம் நாள் மாலையில் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து அதில் உட்கார வைத்தேன். “நல்லா இருக்குங்க” என்றாள். அவள் முகத்தில் ஒரு நன்றி தெரிந்தது. அது பயம் என்று நீங்கள் சொல்லலாம். பன்னிரண்டு வருடம் அந்த முகத்தோடு வாழ்ந்தவன் நான்.

முன்விளிம்பை எவ்வளவு உயர்த்தினாய் என்று கேட்கிறீர்கள். உங்கள் ஆட்கள்தான் அளந்துவிட்டார்களே. மூன்று விரல். பின்னால் நன்றாகச் சாய்ந்து உட்காரட்டும் என்றுதான் அப்படி வைத்தேன். கால் தரையில் படாது. படாவிட்டால் எழுந்திருக்கத் தோன்றாது அல்லவா?

தோன்றியது. நான்காம் நாள் நான் ஸ்பாஞ்சு வாங்கப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, என் நீளமான மர அளவுகோலை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்திருந்தாள். உடம்பெல்லாம் வேர்வை.

“எங்க கிளம்பிட்ட?”

“எங்கயும் இல்லீங்க. நடந்தா வலி குறையுது. அந்த நர்ஸம்மாகூட அன்னிக்கு...”

அவள் முடிப்பதற்குள் அளவுகோலை அவள் கையிலிருந்து வாங்கினேன். முதுகில் இரண்டு, இடுப்பில் ஒன்று. மூன்றாவது அடியில் அளவுகோல் இரண்டாக முறிந்துவிட்டது. நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து என்னோடு இருந்த அளவுகோல். எனக்கு மட்டும் மனம் வலித்திருக்காதா?

அதன்பிறகுதான் பட்டை போட்டேன். சோபாவுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து அடிப்போமே, அந்தப் பட்டை நாடா. எத்தனை பேர் ஏறி உட்கார்ந்தாலும் தொய்யாது. தொடைக்கு மேலே ஒன்று, இடுப்புக்கு ஒன்று, நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் மணிக்கட்டுக்கு ஒன்று. தோலில் உரசக்கூடாது என்று உட்பக்கம் துணி வைத்துத் தைத்தேன். வேண்டுமானால் பிரித்துப் பாருங்கள், எவ்வளவு நேர்த்தியான தையல் என்று தெரியும்.

தண்ணீர் விஷயத்தையும் கேட்டீர்கள். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். அதிகம் குடித்தால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். போக வேண்டும் என்றால் பட்டையைக் கழற்ற வேண்டும், தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும், நான் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும். அவளுக்கும் சிரமம், எனக்கும் சிரமம். நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஐந்தாம் நாள் கால் வீங்க ஆரம்பித்தது. இடது கால் மட்டும். கெண்டைக்கால் பளபளவென்று ஆகி, தொட்டால் இஸ்திரிப் பெட்டியின் வெப்பம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக மேலே வரும், மட்டமான ஸ்பாஞ்சு மாதிரி. பட்டறைச் சுவரில் நீங்கள் பார்த்த பென்சில் எண்கள் அதுதான். முப்பத்தைந்து, முப்பத்தேழு, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று, சென்டிமீட்டரில். ஒன்பதாம் நாள்வரை தினமும் காலையில் டேப் வைத்து அளந்தேன், கடைசி நாள் மட்டும் எழுத முடியவில்லை. பக்கத்திலேயே வலது காலுக்கு முப்பத்து நான்கு என்று எழுதியிருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. எதை எடுத்தாலும் அளந்து சுவரில் குறித்து வைப்பது எங்கள் தொழிலில் பழக்கம். அளந்துகொண்டே இருந்தவன் ஏன் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை என்று நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு வருகிறேன்.

எட்டாம் நாள் மதியம் மச்சினி வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருந்தாள். நான் வாசலிலேயே நிறுத்தினேன்.

“மாமா, அக்கா எங்க? நாலு நாளா போனே எடுக்கல.”

“தூங்குறாம்மா. மாத்திரை போட்டிருக்கா.”

“ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போயிடறேன்.”

“இப்பதான் கண்ணசந்தா. எழுப்பாத.”

அவள் நம்பவில்லை. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அக்கா!” என்று கூப்பிட்டாள். எழுந்துவிட்டாளா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் உள்ளறைத் திரைக்கு அந்தப் பக்கம் போனேன். மனைவியின் வாயில் அடைத்திருந்த பஞ்சை எடுத்தேன். மரச்சுத்தியலை அவள் இடது முழங்காலின் மேல் வைத்தேன். வைத்தேன், அவ்வளவுதான்.

“வந்துட்டியாடி?” என்றாள் உள்ளிருந்தபடியே. “நல்லாத்தான் இருக்கேன். வீக்கம் வத்திடுச்சு. திங்கக்கிழம வேலைக்குப் போயிடுவேன். நீ கிளம்பு, புள்ளைங்க காத்துட்டிருக்கும்.”

“குரல் ஏன்க்கா ஒரு மாதிரி இருக்கு?”

“தொண்ட வறண்டிருக்கு. தண்ணி குடிச்சா சரியாயிடும். நீ போடி.”

மச்சினி போய்விட்டாள். தெருமுனைவரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு உள்ளே புகுந்து பார்த்திருக்கலாமே என்று இப்போது தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாளாம். அவளிடம் சொல்லுங்கள் மேடம், அப்படி அழ வேண்டாம். அவள் உள்ளே வந்திருந்தாலும் நான் வெளியே விட்டிருக்க மாட்டேன். ஒரு ஆளுக்கு இருந்த பஞ்சு இரண்டு ஆளுக்கும் இருந்தது.

தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அது தங்கைக்குச் சொன்னது மாதிரி எனக்குச் சொன்ன குத்தல். அன்று மாலை டம்ளரை நான் கொடுக்கவில்லை. “வீக்கம் வத்திடுச்சுன்னு சொன்னியே, அப்ப வலிக்காது இல்ல?” என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்காகச் சுத்தியலால் இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன், நாற்பத்தொன்று இருந்த காலில். பஞ்சைத் திரும்ப வைத்துவிட்டுத்தான். வலித்தது. ஆக, தங்கையிடம் அவள் சொன்னது பொய். கணவன் எதிரிலேயே கூசாமல் பொய் சொல்கிறவள் வெளியே எத்தனை சொல்லியிருப்பாள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மறுநாள் காலை நான் குனிந்து காலை அளந்துகொண்டிருந்தேன். அவசரத்தில் செய்த நாற்காலி என்பதால் இருக்கையின் மடிப்புக்குள் ஒரு வளை ஊசி தங்கிப்போயிருக்கிறது. சோபா தைக்கிற ஊசி, பிறை மாதிரி வளைந்து, விரல் நீளம் இருக்கும். தொழில்காரன் செய்யக்கூடாத தவறு. அதை அவள் எப்போது கண்டுபிடித்தாள், எத்தனை நாள் உள்ளங்கையில் மறைத்து வைத்திருந்தாள் என்று தெரியாது. என் காதுக்குக் கீழே குத்தினாள். இதோ பாருங்கள், தழும்பு. முழு ஊசியும் உள்ளே போய் வளைந்து தாடையில் முட்டியது.

நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் அவள் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டாள். தொடைப் பட்டை கழலவில்லை. நாற்காலியோடு முன்னால் சாய்ந்து விழுந்து, அதை இழுத்துக்கொண்டே கையால் தவழ்ந்தாள். தேக்கு நாற்காலி, கனமானது. அத்தனை நாள் தண்ணீரும் நடையும் இல்லாத உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. வாசலுக்கு நான்கு அடி இருக்கும்போது முடியைப் பிடித்தேன். “யாராவது வாங்க” என்று அவள் கத்தியது தெருவில் ஒருவருக்கும் கேட்கவில்லை. என் பட்டறையில் எப்போதும் சத்தம்தானே, பழகிப்போயிருப்பார்கள். தலையை நிலைப்படியில் மோதினேன், முகம் படாமல் பின்பக்கமாக. நாற்காலியை நிமிர்த்தி, திரும்பப் பட்டை போட்டேன். ஊசி பிடித்த கையின் இரண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன், மடங்காத பக்கத்துக்கு. இரண்டாவது விரலுக்குள் அவள் மயங்கிவிட்டதால் மூன்றாவதை விட்டுவிட்டேன். நினைத்திருந்தால் ஐந்தையும் செய்திருக்கலாம்.

பிறகு கண்ணாடி முன்னால் நின்று என் கழுத்தைப் பார்த்தேன். துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் ரத்தம் நின்றுவிட்டது. மேலே கருஞ்சிவப்பாக ஒரு மூடி விழுந்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் டாக்டரம்மா என்னை உட்கார வைத்து எடுத்துச் சொன்னபோது எனக்கு அந்த மூடிதான் ஞாபகம் வந்தது. நல்ல டாக்டர். படிக்காதவனுக்கும் புரிகிற மாதிரி பேசினார்.

“ரத்தம் உறையறது நல்லதுக்குத்தாங்க. இல்லன்னா ஒரு சின்னக் கீறல்லயே நாம போயிடுவோம். காயத்து வாயில உறையணும். குழாய்க்குள்ளயே உறைஞ்சா ஆபத்து.”

“எதனால டாக்டர் அப்படி உள்ளயே உறையுது?”

“அடிபட்டு ரத்தக்குழாயோட உள்சுவர் கெட்டிருக்கலாம். ரொம்ப நாள் அசையாம ஒரே இடத்துல இருந்திருக்கலாம். உடம்புல நீர் வத்தி ரத்தம் தடிச்சிருக்கலாம். சிலருக்குப் பரம்பரையா வரும், சிலருக்குச் சில மாத்திரையால வரும். கெண்டைக்கால் தசை இருக்கே, அது ரெண்டாவது இதயம் மாதிரிங்க. நடக்க நடக்க அதுதான் ரத்தத்தப் பிழிஞ்சு மேல தள்ளுது. இவங்க தினம் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் நடக்கிறவங்கன்னு சொல்றீங்க. இப்படிப்பட்ட காலுக்கு என்னங்க ஆச்சு?”

மாமியாருக்குக் காலில் நரம்பு சுருட்டல் இருந்தது என்று உடனே சொன்னேன். பரம்பரையாகத்தான் இருக்கும் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. உள்ளே திரும்பிப் போய், போர்வையை விலக்கி அவள் மணிக்கட்டையும் தொடையையும் பார்த்தார். பிறகு உங்களுக்குப் போன் செய்தார்.

டாக்டரம்மா விளக்கும்போது நான் ஆச்சரியமே படவில்லை என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி தலையாட்டினேனாம். உண்மைதான். எனக்கு அது புதிதில்லை.

கிளினிக் நர்ஸ் வந்து போய்விட்டார் என்று நீங்கள் சொன்ன பிறகு இதைச் சுற்றி வளைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆமாம், முதல் நாளே அந்த அம்மா எல்லாவற்றையும் சொன்னார். கட்டுப் போட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னார். “அடிபட்ட காலுன்னு ஒரே இடத்துல உட்கார்ந்துடாதம்மா. வீட்டுக்குள்ளயாவது நட. தண்ணி நிறைய குடி. இல்லன்னா உள்ள ரத்தம் கட்டிக்கும். கால் வீங்கினாலோ, சூடா இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காத. கட்டி நெஞ்சுக்கு ஏறிச்சுன்னா ஆளக் கொன்னுடும்.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களும் நல்லாக் கேட்டுக்கங்க சார்” என்றார்.

நான் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டேன். அதுவரை எனக்கு ரத்தக்கட்டி என்றால் அடிபட்டால் நீலமாகக் கன்றிப்போவது என்றுதான் தெரியும். ஆட்டோவில் வீடு திரும்பும்போது அந்த அம்மா சொன்னதை வரிசையாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், வீங்கினால் வர வேண்டும். வீட்டுக்கு வந்து அவளைப் படுக்க வைத்துவிட்டு, தேக்குப் பலகையை எடுத்து அளவு போட்டேன்.

இதை வைத்து நான் திட்டம் போட்டேன் என்று நீங்கள் எழுதிவிடக்கூடாது. அப்படி ஆகும் என்று நிச்சயம் எதுவும் இல்லையே. எத்தனையோ பேர் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள், எல்லோரும் செத்தா போகிறார்கள்? அவள் மனம் மாறுவதற்கு நான் அவகாசம் கொடுத்தேன். சுவரில் எண் ஏற ஏற, அவள் இறங்கி வருவாள் என்று எதிர்பார்த்தேன். ஒவ்வொரு காலையும் அளந்து முடித்ததும் நான் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தெருவில் அவளுக்குப் பதிலாக வந்த தபால்காரர் சைக்கிளில் போவார். அவர் போய் மறைகிறவரை அவள் கண் அங்கேயே இருக்கும்.

பதினோராம் நாள் காலை ஏழரை மணி இருக்கும். நான் பட்டறையில் பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தேன். அன்று அவள் வாயில் ஒன்றும் வைக்கவில்லை, கையையும் கட்டவில்லை. கத்துகிற நிலையில் அவள் இல்லை. இருமல் சத்தம் கேட்டது. சின்ன இருமல்தான், புரையேறின மாதிரி. போய்ப் பார்த்தால் நாற்காலியின் வலது கையில், அந்த வெளிர்த் துணியில், ஒரு ரூபாய் அளவுக்கு ரத்தம்.

ரத்தக்கறைக்குச் சுடுதண்ணீர் பட்டால் அவ்வளவுதான், துணிக்குள் இறங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு, வெளியிலிருந்து உள்நோக்கி ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். நான் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து அந்த வேலையைப் பார்த்தேன். அவள் கண் அந்தக் கிண்ணத்தின் மேலேயே இருந்தது. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது. கறை போக இருபது நிமிடம் ஆனது. சுத்தமாகப் போய்விட்டது. உங்கள் ஆட்களுக்கே விளக்கு வைத்துத் தேடித்தான் கிடைத்திருக்கும்.

“என்னங்க,” என்றாள். “மூச்சு முட்டுது. நெஞ்சுல குத்துது. கட்ட அவுத்து விடுங்க. ஒரு தடவ நிக்கணும்.”

“எதுக்கு? எங்கயாவது போகணுமா?”

“நிக்கணும்.”

வேறு எதையும் அவள் கேட்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை, தங்கையைக் கூப்பிடச் சொல்லவில்லை. நிற்க வேண்டுமாம். பதினோரு நாள் ஒரு மனிதன் தொழிலை விட்டுவிட்டு, கண்ணும் கருத்துமாகக் கவனித்து, கடைசியில் கிடைத்தது இது. எனக்குக் கோபம் வரவில்லை. நான் அவள் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

“மன்னிப்புக் கேளு,” என்றேன். “அவுத்து விடறேன். நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். எதற்கு மன்னிப்பு என்று கேட்கிற பார்வை. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. கையைக் கீழே கொண்டுபோய்ப் பட்டையின் கொக்கியைத் தடவினாள், விரல் உடையாத கையால். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையும் வந்தது, அதையும் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையும் ஐஸ் மாதிரி இருந்தன. முதலில் நல்ல வேகமாகத் திமிறினாள். பிறகு குறைந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினாள். நான் காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன். காற்றுதான் வந்தது. சொல் எதுவும் வரவில்லை. “கேளு, ஒரே ஒரு வார்த்தை” என்று மூன்று நான்கு தடவை சொன்னேன், பொறுமையாகத்தான். சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஆறு. எட்டுப் பன்னிரண்டுக்கு அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பட்டைகளைக் கழற்றினேன், கட்டிலில் படுக்க வைத்தேன், தலை வாரிவிட்டேன், வேறு புடவை மாற்றினேன். அதன்பிறகு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அவர்கள் வருவதற்குள் நாற்காலியைப் பட்டறையில் மற்ற நாற்காலிகளோடு வரிசையில் வைத்தேன்.

அந்த ஆறு நிமிடத்தில் பட்டையை அவிழ்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டீர்களாமே. முதல் எண்ணை எழுதிய அன்றைக்கே கூட்டி வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று அவர் சொன்னாராம். இருக்கலாம். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் பிழைத்திருப்பாள் என்பதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அவர் அங்கே இல்லை. நான் இருந்தேன். அடித்தேன், கட்டி வைத்தேன், தண்ணீரைக் குறைத்தேன், வீங்கினதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மூச்சுத் திணறும்போது எதிரில் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அவளைத் தனியாகச் சாகவிட்டேன் என்று மட்டும் மச்சினி சொல்லியிருக்கிறாள். அது அபாண்டம், மேடம். கடைசி மூச்சுவரை அவள் கையை நான் விடவே இல்லை.